இடுப்போடு வளைந்த டிராம்

டாக்குரியா, கொல்கத்தா
செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய ஆமினா அவர்களுக்கு,

'அவர்கள்' போட்டிருக்கிறேன், கவனியுங்கள். ஊருக்குத் திரும்பும் வரை ஞாயிறுதோறும் பெஹாலாவிலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் வீட்டு வத்தக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போன அக்கா இனிமேல் இல்லை. நீங்கள் வெறும் 'அவர்கள்'தான். உங்கள் எண்ணை பிளாக் செய்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. திட்டுவதற்காக அதை எடுத்துவிட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அதனால்தான் இந்த ஸ்பீட் போஸ்ட். நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. சின்ன வயதில் அம்மா என்னை உட்காரவைத்து எழுதப் பழக்கியது உங்களைத் திட்டுவதற்குத்தான் உதவுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூலையில் பவானிபூர் ரெடிமேட் கடையின் துர்கா பூஜை விளம்பரத்துக்கு என்னைப் படம் எடுத்தார்கள். எடுத்தது நீங்கள் வேலை பார்க்கும் விளம்பரக் கம்பெனி. என் பெயரைச் சொன்னதும் நீங்கள்தான். "ஒரு நாள் வேலைதான் வைஷு, காலேஜ் லீவுதானே, ஜாலியா இருக்கும்" என்றீர்கள். மிகவும் ஜாலியாக இருந்தது. உடை மாற்ற அறை கிடையாது. ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்தார்கள், அதற்குப் பின்னால் நின்று மாற்றவேண்டும். பிடித்தவர்கள் லைட் வேலைக்கு வந்த இரண்டு ஆண்கள். நான் முகம் சுளித்தபோதெல்லாம் உங்கள் மேனேஜர் ஜெயந்த், "ஸ்போர்ட்டிவா இரு, இன்னும் கொஞ்சம் சாய், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இதுதான் மாடலிங் போலிருக்கிறது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கழுத்தை ஒட்டிய பச்சைச் சுடிதார், கணுக்கால் வரை பேன்ட், பின்னால் மைதானத்து டிராம். அவ்வளவுதான் அன்றைய படம்.

போன வாரம் ஜெயந்தின் ஆபீசுக்குப் போயிருந்தேன். மேசையில் மாதிரிப் பிரதி கிடந்தது. முகம் என்னுடையது. மற்றதெல்லாம் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. கழுத்து ஒரு சாண் கீழே போயிருக்கிறது. பக்க வெட்டு மேலே ஏறியிருக்கிறது. பேன்ட்டைக் காணோம். இடுப்பு என் மணிக்கட்டை விடக் கொஞ்சம் பெரிது. அடியில் கொட்டை எழுத்தில் வங்காளத்தில், "இந்தப் பூஜைக்கு என்னைப் பிரித்துப் பார்" என்று இருக்கிறது. நான் என்ன மிட்டாய்ப் பொட்டலமா? ஓரத்தில் சின்னதாகக் கோப்பின் பெயர்: 'ஆமினா, ஃபைனல்.'

பூஜை தொடங்கும் மகாளயா அன்று இது டாக்குரியா பாலத்தில் பெரிய விளம்பரப் பலகையாக ஏறப்போகிறது. அப்பா தினமும் ஆபீஸ் போகிற பாலம் அது. என் காலேஜ் முழுக்க அந்த வழியாகத்தான் வரும். அது அங்கே ஏறக்கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

"எவ்விதமாகவும் மாற்றிப் பயன்படுத்தலாம்" என்ற காகிதத்தில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டது என் தவறு. உங்கள் தவறு எது என்று நீங்களே எழுதுங்கள்.

இப்படிக்கு,
செல்வி ச. வைஷாலி

*

மேலப்பாளையம், திருநெல்வேலி
செப்டம்பர் 25

வைஷு,

நீ எத்தனை 'அவர்கள்' போட்டாலும் எனக்கு நீ வைஷுதான். தபால்காரர் கையெழுத்துக் கேட்டதும் உம்மா கோர்ட்டுக் காகிதம் என்று நினைத்து வெலவெலத்துப் போனாள். கோர்ட்டுக் காகிதமாக இருந்தால் தேவலை என்று படித்த பிறகு தோன்றியது.

என் கூடப்பிறந்த ராத்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. வீடு முழுக்கச் சந்தோஷம். அதற்கு நடுவில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் வேலை செய்கிறேன். உனக்கு இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கடிதத்தில், நாளுக்கு நாற்பது படம் வரும், முகத்தையெல்லாம் பார்க்க நேரம் ஏது என்று எழுதியிருந்தேன். அது பொய். இரண்டாவதில், நான் மறுத்தால் வேறு யாராவது செய்திருப்பார்கள் என்று எழுதியிருந்தேன். அது உண்மைதான், ஆனால் அதை எழுதும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான். நான் கம்ப்யூட்டரில் திருத்தவேண்டிய படத்தோடு ஒரு குறிப்பு வரும். தையல்காரருக்கு அளவு எழுதிக் கொடுப்பதுபோல இருக்கும்: கழுத்து கீழே, இடுப்பு உள்ளே, பேன்ட் வேண்டாம். படத்தைத் திறந்த முதல் நொடியே நீ என்று தெரிந்துவிட்டது. வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலை, இதை விட்டால் இந்த ஊரில் வேறு கிடைக்காது என்று பயந்தேன். இது வைஷு இல்லை, திரையில் வெறும் புள்ளிகள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. படத்தை மாற்றியதைவிட அதுதான் பெரிய தவறு. உனக்கு மட்டும் இல்லை, இந்த ஒன்றரை வருடத்தில் என் கையில் வந்த எந்தப் பெண்ணுக்கும் நான் போன் போட்டதில்லை. அவர்கள் பெயர்கூடத் தெரியாது.

இன்னொன்று சொல்லவேண்டும். சொன்னால் சிரிப்பாய், அல்லது இன்னும் திட்டுவாய். இடுப்பை உள்ளே இழுக்கும்போது பின்னால் இருப்பதும் கூடவே இழுபடும். ஜன்னல் கம்பி, சுவர், எது நேராக இருந்தாலும் வளைந்துவிடும். பிறகு உட்கார்ந்து அதை நிமிர்த்தவேண்டும், பத்து நிமிட வேலை. உன் படத்தில் உன் இடுப்போடு சேர்ந்து டிராமும் வளைந்தது. நான் நிமிர்த்தவில்லை. வேண்டுமென்றா, கை ஓடாமலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தைரியம் என்று மட்டும் நினைத்துவிடாதே. அப்படியே அனுப்பினேன். ஜெயந்த் "சூப்பர்" என்று பதில் போட்டான். அவன் கண் டிராமுக்கு எங்கே போகும்?

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும், வைஷு. கேட்கிறேன். நீ தரவேண்டும் என்று இல்லை.

ஆமினா

*

டாக்குரியா
அக்டோபர் 3

ஆமினா அவர்களுக்கு,

என் மானம் போகிறது, நீங்கள் எனக்கு ஒரு டிராமைக் கோணலாக்கிக் கொடுத்து ஆறுதல் சொல்கிறீர்கள். அந்தப் படத்தில் யார் டிராமைப் பார்க்கப்போகிறார்கள்? ஊரில் ஓடுவதே இரண்டு மூன்று தடம்தான். ஆனாலும் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கிழித்த கடிதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. கொஞ்சம்தான்.

ஜெயந்திடம் மறுபடி போனேன். கெஞ்சினேன், பிறகு சண்டை போட்டேன். அவர் அந்தக் காகிதத்தை எடுத்து என் கையெழுத்தைத் தட்டிக் காட்டினார். "எல்லா மாடலும் இப்படித்தாம்மா, நீ ரொம்ப லக்கி, பாலத்துல ஏறுது உன் படம்" என்றார். நன்றி சொல்லவேண்டுமாம். கடை முதலாளியைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் இதிலெல்லாம் தலையிடமாட்டார் என்று அனுப்பிவிட்டார்.

வேறு வழியில்லாமல் அம்மாவிடம் சொன்னேன். போனில் எடுத்துவைத்திருந்த மாதிரிப் பிரதியைக் காட்டிவிட்டு, அடி விழுமா, அழுகை வருமா என்று காத்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். "ஏண்டி, இந்த இடுப்புக்குள்ள நான் இருபது வருஷமா போட்ட இட்லி எல்லாம் எங்கடி போச்சு?" என்றாள். சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு எழுந்து நல்ல புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு ஜெயந்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். அந்தப் புடவை எதற்கு என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்கும் சண்டைக்கும் மட்டும் கட்டுவாள். பிடித்து உட்காரவைக்கப் பெரும்பாடு பட்டேன்.

அம்மாவுக்கு என் மேல் கோபம் இல்லை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இருபது நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லில் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி மகாளயா வரை இருக்கும். இன்னும் பதினொரு நாள்.

மாற்றாத படம் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. அனுப்புங்கள்.

வைஷாலி

*

மேலப்பாளையம்
அக்டோபர் 9

வைஷு,

'அனுப்பு' என்று எழுதிவிட்டுத் திருத்தினாயே, அதைப் பார்த்து இரண்டு நாளாகச் சந்தோஷமாக இருக்கிறேன்.

இதோடு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று, மாற்றாத படம். டவுனில் பெரிதாக அச்சுப் போட்டு வாங்கினேன். நெற்றியில் பருவோடு, காற்றில் பறந்த முடியோடு நீ அழகாக இருக்கிறாய். கடைக்காரர், "இந்தப் புள்ள எதைப் பாத்து இப்படிச் சிரிக்கு?" என்று கேட்டார்.

இரண்டாவது, என் கையெழுத்திட்ட காகிதம். 'இந்தப் படத்தை மாற்றியவள் நான். கம்பெனி சொன்னபடி கழுத்தை இறக்கினேன், இடுப்பைக் குறைத்தேன், பேன்ட்டை நீக்கினேன். படத்தில் உள்ள பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.' ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. வேலை போகும் என்று தெரியும். உம்மாவிடம் சொன்னேன். "போனா போவுது, பிள்ளையத் தூக்க ஆளில்லாமதானே கெடக்கு" என்றாள். வீட்டில் என் வேலைக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொல், அந்தப் புடவையை மறுபடி வெளியே எடுத்துவைக்கட்டும்.

ஆமினா

*

டாக்குரியா
அக்டோபர் 19, பஞ்சமி

என் அருமை ஆமினாக்கா,

அக்கா, அக்கா, அக்கா. மூன்று தடவை எழுதிவிட்டேன், பழைய கணக்கு தீர்ந்தது. பிளாக்கையும் எடுத்துவிட்டேன். ஆனால் போன் செய்யாதே. இதைக் கடிதத்தில் எழுதினால்தான் எனக்கு ஆசை தீரும்.

உன் தபால் வந்து சேர்வதற்குள் அந்த விளம்பரம் ஏறிவிட்டது. மகாளயா அன்று காலையில் முகமூடி போட்டுக்கொண்டு பாலத்தடிக்குப் போனேன். மூன்று மாடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தேன் நான். ஊர் என்ன சொல்கிறது என்று காதால் கேட்டுவிடலாம் என்று டீக்கடைப் பக்கம் ஒதுங்கினேன். ஸ்கூட்டரில் வந்த ஒருவர் பிரேக் போட்டார். அண்ணாந்து பார்த்தார். நான் முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டேன். "ஏ கீ! டிராம்டா பாங்கா கேனோ?" என்றார். இதென்ன, டிராம் ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்கிறார் அக்கா! டீக்கடைக்காரரும் பார்த்தார். பஸ் கண்டக்டர் பார்த்தார். கால்மணி நேரத்தில் பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் டிராமைப் பற்றித்தான் பேச்சு.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க 'பாங்கா டிராம்'. பிள்ளைகள் பாலத்தடியில் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்று செல்ஃபி எடுத்தார்கள். யாரோ அட்டையில் எழுதிக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள்: "டிராமுக்கு முதுகுவலி. டாக்டர் தேவை." கீழ்வீட்டு அண்ணி, அதான் நம் பௌதி, "இருக்குறதே நாலு டிராம், அதையும் கிண்டல் பண்றானுங்களா?" என்று கடைக்கே போன் போட்டுச் சண்டை பிடித்தாள். அவள் மட்டும் இல்லை, நாள் முழுக்க அந்தக் கடைக்குப் போன்தானாம்.

எனக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. என் இடுப்பைக் கிள்ளி எடுத்ததற்கு வாய் திறக்காத ஊர், டிராமுக்காகக் குதிக்கிறது. இரண்டையும் செய்தேன். சிரித்துக்கொண்டே கோபப்பட்டேன். ஆனால் மறுநாள் என் வகுப்புப் பெண் ஒருத்தி, டிராம் ஏன் வளைந்தது என்று படம் வரைந்து போட்டுவிட்டாள். பெண்ணின் இடுப்பை இழுத்தார்கள், டிராமும் கூட வந்துவிட்டது என்று. அதற்குப் பிறகுதான் எல்லாரும் இடுப்பைப் பார்த்தார்கள். பார்த்து, "அட, இதுவும் பொய்யா?" என்றார்கள். பொய் என்று ஊருக்குத் தெரிந்த நிமிடத்தில் எனக்கு முகமூடி தேவைப்படவில்லை.

முதலாளியே கூப்பிட்டனுப்பினார். அதற்குள் வந்துசேர்ந்த உன் காகிதம், பெரிய படம், அம்மாவின் புடவை (உள்ளே அம்மாவோடு), எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பவானிபூர் போனோம். முதலாளிக்கு டிராம் ஒரு தலைவலி என்றால், இன்னொன்றும் இருந்தது. வருகிற பெண்களெல்லாம் பாலத்தில் இருக்கிற சுடிதாரைக் கேட்கிறார்கள். அப்படி ஒரு சுடிதார் கடையில் கிடையாது! விற்கிற துணியை மறைத்து, இல்லாத துணிக்கு விளம்பரம் செய்திருக்கிறார்கள். கவுண்டரில் நிற்கும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஜெயந்த் அங்கே இருந்தார். "ஒண்ணும் பிரச்சனையில்ல சார், ஒரு மணி நேரத்துல டிராமை நிமித்திடறேன்" என்றார். முதலாளி தலையாட்டப் போனார். அப்போது அம்மா தன் ஓட்டை வங்காளத்தில் பேசினாள். தமிழில் எழுதுகிறேன்: "டிராமை நிமித்தணும்னா என் பொண்ணு இடுப்பைத் திருப்பிக் குடுக்கணும். ரெண்டும் ஒண்ணாத்தான் வளைஞ்சுது, ஒண்ணாத்தான் நிமிரும்."

நான் உன் காகிதத்தை மேசையில் வைத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். பிறகு பெரிய படத்தை விரித்துப் பார்த்தார். "இதுல நம்ம சுடிதார் தெரியுதே" என்றார், ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி. பழையதை இறக்கிவிட்டு இதை ஏற்றச் சொன்னார். சீசன் முடிந்தால் மனிதர்களுக்கு ஞாபகம் முடிந்துவிடும் என்று பயந்து நான் அங்கேயே உட்கார்ந்து எழுதி வாங்கினேன். தாழ்ப்பாள் போட்ட அறையில்தான் உடை மாற்றுவது. பதினெட்டு ஆகாத பெண்ணைப் படம் எடுக்கக்கூடாது. படத்தில் எதை மாற்றினாலும் அந்தப் பெண்ணைக் கேட்டு, அவள் சரி என்றால்தான். ஜெயந்த் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

நேற்று ஆட்கள் மூங்கிலில் ஏறிப் பழைய ஃபிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினார்கள். நானும் அம்மாவும் சிறுதீனி வாங்கிக் கொறித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தோம். இன்று காலையில் புதுசு ஏறிவிட்டது. பருவோடு, பறக்கிற முடியோடு நான். கீழே கடைப் பெயர் மட்டும். இவ்வளவு பெரிய பருவை இந்த ஊரில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

இத்தனை நாளும் அப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று பாலத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தாராம், பௌதி சொன்னாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "டிராம் நல்லா வந்திருக்கு" என்றார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

உன் வேலை என்ன ஆயிற்று? அதை நினைத்தால்தான் எனக்கு உறுத்துகிறது.

உன் வைஷு

*

மேலப்பாளையம்
நவம்பர் 2

வைஷும்மா,

உன் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். உன் அம்மா பேசிய இடத்தை உம்மா மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். ராத்தா சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

வேலை போகவில்லை! ஜெயந்த் போன் செய்து அரைமணி நேரம் கத்தினான். நானும் கேட்டுக்கொண்டேன். கடைசியில், "இனிமே ஒவ்வொரு மாடலையும் கேட்டுட்டுத்தான் கை வைக்கணுமாம். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல, நீயே கேட்டுக்கோ" என்று வைத்துவிட்டான். பவானிபூர் முதலாளி இந்தக் கம்பெனியை விடவில்லை, கம்பெனி என்னை விடவில்லை. ஜெயந்த் திருந்தினான் என்று நான் நம்பவில்லை. ஆனால் நேற்று வந்த படத்தோடு, இந்த ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு பெயரும் போன் நம்பரும் வந்திருந்தது.

பெயர் அனன்யா. சேலத்துப் பெண், பத்தொன்பது வயது, அங்கே கொல்கத்தாவில் படிக்கிறாள். குளிர்காலத்து ஸ்வெட்டர் விளம்பரம். குறிப்பில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கே தெரியும். ஸ்வெட்டரில்கூடக் கழுத்தை இறக்கவேண்டுமாம்.

படத்தை நான் திறக்கவில்லை. முதலில் போன் போட்டேன். உனக்குப் போட்டிருக்கவேண்டிய போன் அது. பஸ்ஸில் இருந்தாள் போல, பின்னால் ஒரே இரைச்சல். நான் யார் என்று சொன்னேன். "உன் படம் என்கிட்ட வந்திருக்கும்மா. இன்னின்ன மாத்தச் சொல்றாங்க. உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

குரலைத் தாழ்த்தி, "அக்கா... வேண்டாம்னு சொல்லலாமா?" என்றாள்.

"சொல்லலாம்மா."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

"அப்ப வேண்டாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அக்கா, இன்னொரு தடவ சொல்லிக்கட்டா?"

"சொல்லு."

"வேண்டாம்!" என்று அந்த பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

உன் அக்கா,
ஆமினா